இரண்டரை யூனிட்

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, ஸ்டூலில் ஏறி, கருகிப்போன விளக்குச் சுவிட்சின் இரண்டு திருகாணிகளையும் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு திரும்பியபோதுதான் வாசலுக்கு வெளியே தன் மீட்டர் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

கதவு திறந்திருந்தது. மாடிப்படி திரும்பும் இடத்தில், அவள் வீட்டு நிலையை ஒட்டி, கம்பிவலைக் கதவு போட்ட மரப்பெட்டிக்குள் ஆறு குடித்தனங்களின் மீட்டர்களும் வரிசையாக இருந்தன. மூன்றாவது அவளுடையது. அதன் தகடு சிவப்புக் கோட்டைக் காட்டுவதும் மறைப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தது.

இறங்கினாள். மெயின் சுவிட்ச் இறக்கியபடியேதான் இருந்தது. இன்னொரு முறை ஏற்றி இறக்கினாள். வீட்டுக்குள் எதுவும் எரியவில்லை, எதுவும் சுழலவில்லை. மீட்டர் ஓடியது. திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

புருஷன் தரையில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். டயர் கிடங்கில் இரவுக் காவல். காலை ஏழு மணிக்கு வந்து படுப்பவன் மாலை நான்கு வரை எழுந்திருக்க மாட்டான். கோடையில் அந்தத் தூக்கம் தூக்கமாக இருக்காது. தகரக்கூரை பத்து மணிக்கே காயத் தொடங்கிவிடும்.

"என்னங்க, எழுந்திரிங்க. இத வந்து பாருங்க."

"ஞாயித்துக்கிழமையாவது விடேன்."

"மீட்டருக்கு ஞாயித்துக்கிழமை கெடையாது. வாங்க."

வந்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மீட்டர் முன்னால் குனிந்து நின்றான்.

"சுத்துது."

"மெயின் ஆஃப்ல இருக்கு."

மறுபடி பார்த்தான். "நின்னுடும். ஃபேன நிறுத்தினா உடனேயா நிக்குது?"

காதைக் கொடுத்துக் கேட்டாள். படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் கேட்கிற சத்தம். கீழே வீட்டுக்காரம்மா, "தொட்டி வழியுது, நிறுத்துங்க" என்று கத்தினாள். மோட்டார் நின்றது. மீட்டரின் தகடு அந்த நொடியில் தளர்ந்து, எறும்பு ஊர்வதுபோல ஊர ஆரம்பித்தது. ஆனால் நிற்கவில்லை.

அண்ணாந்து பார்த்தாள். படிக்கட்டு பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அதன் சுவிட்ச் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அணைத்தாள். தகடு நின்றது. போட்டாள். ஊர்ந்தது. நான்கு முறை செய்து பார்த்தாள்.

புருஷனுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தே சிரித்தான்.

"மூணு வருஷமா பில்டிங்குக்கே நாமதான் தண்ணி ஏத்தியிருக்கோம். எவ்வளவு புண்ணியம்!"

"சிரிக்காதீங்க."

"சிரிக்காம என்ன பண்ணச் சொல்ற?"

"சிரிக்காதீங்கன்னு சொல்றேன்ல." அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அவன் நிறுத்திக்கொண்டான்.

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு யூனிட்டக்கா என்று பெயர். எதையும் யூனிட்டில் சொல்லிவிடுவாள். ஒரு சட்டை இஸ்திரி போட இவ்வளவு, ஒரு படம் பார்த்து முடிக்க இவ்வளவு. வேன் டிரைவரின் மனைவி புதுத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியபோது விலையைக் கேட்காமல் வாட் கேட்டவள் அவள் ஒருத்திதான். கதவின் உள்பக்கம் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு மீட்டர் எண்ணைச் சாக்பீஸால் எழுதுவாள். ஞாயிறு இரவு அந்த ஏழு எண்களையும் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு கதவைத் துடைப்பாள்.

இது அவளுக்கு விளையாட்டு இல்லை. அவளுக்குப் பத்து வயதானபோது அப்பா மூன்று மாதம் கரண்ட் பில் கட்டாமல் இருந்தார். ஒரு நாள் மின்சார ஆள் வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். தெருவே நின்று பார்த்தது. அப்பா உள்ளே படுத்துக்கொண்டு, தான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார். அவள்தான் வாசலில் நின்று சொன்னாள். வெள்ளைப் பீங்கான் கட்டை அந்தச் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு போனது அவளுக்கு இன்றுவரை ஞாபகம் இருக்கிறது.

லாட்ஜ்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈரம் போகாத படுக்கை விரிப்புகளை உருளை இஸ்திரிக்குள் விட்டு, அந்தப் பக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வருவதை இழுத்து, எட்டாக மடித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்ட வேண்டும். விரிப்புக் கணக்கில் கூலி. கறை போகாததற்குக் கூலி இல்லை. தூசி விழும் என்று அங்கே ஃபேன் போட மாட்டார்கள். பத்து மணி நேரம் அதில் வெந்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் ஒருவர் ஃபேன் வேண்டும் என்று கேட்பது அதிகப்படியாகத் தோன்றியது.

லாட்ஜ்காரர்கள் தூக்கிப்போடும் நீள உறைகளை எடுத்து வந்து பன்னிரண்டு மாதங்களின் பெயரை எழுதிவைத்திருந்தாள். ஜூன் உறை பள்ளிக்கூடம் திறக்கும் செலவுக்கு. அக்டோபர் உறை மழைக்கு முன்னால் கூரைத் தகரத்துக்கு. ஜனவரி உறை போர்வைக்கும் இருமல் மருந்துக்கும். மே உறையில் கரண்ட். ஒவ்வொரு வருடமும் மே உறை தன் பங்கைத் தின்றுவிட்டு ஜூன் உறையில் கை வைக்கும். ஜூன் அக்டோபரிடம் வாங்கும். மழை வந்து கூரை ஒழுகும்போது அவள் பாத்திரங்களை வைத்துக்கொண்டே மே மாதத்தைத் திட்டுவாள்.

இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், மூன்று போன்கள், வாரத்துக்கு ஒரு முறை இஸ்திரி. என்ன கூட்டிப் பார்த்தாலும் மீட்டரில் ஓடுவது அதைவிட இரண்டரை யூனிட் அதிகமாக இருந்தது. தினமும் இரண்டரை. யாரோ திருடுகிறார்கள் என்பது அவளுக்கு முதல் வருடமே தெரியும். வீட்டுக்குள் தேடினாள்.

முதல் கோடையில் பிரிட்ஜ் மீது சந்தேகம். அதைப் பாதி விலைக்கு விற்றாள். பிரிட்ஜ் தின்ற ஒரு யூனிட் குறைந்தது. இரண்டரை அப்படியே நின்றது.

அடுத்த கோடையில் புருஷன். அவள் வேலைக்குப் போனதும் அவன் ஃபேன் போட்டுக்கொள்கிறான் என்று முடிவு கட்டினாள். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைதான் போடலாம் என்று ஏற்பாடு. கிளம்பும்போது ஃபேன் இறக்கைகளின் மேல் பவுடர் தூவிவிட்டுப் போவாள். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் பார்க்கச் சொல்வாள். இரண்டு வாரம் பவுடர் அப்படியே இருந்தது. ஒரு நாள் இல்லை. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். "உடம்பு கொதிச்சுதும்மா" என்றான். பதினோரு நாள் அவனோடு பேசவில்லை. அப்புறம் அவன் ஃபேன் பக்கமே திரும்பவில்லை. பன்னிரண்டு மணி ஆனாலும் போடவில்லை. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுக்கப் பழகினான்.

மூன்றாவதாக மகள்மீது சந்தேகம். பள்ளியின் கடைசி வருடம், இரவு பதினொன்று வரை விளக்கைப் போட்டுப் படிக்கிறாள் என்று சண்டை. படிக்கட்டில் பல்பு சும்மாதானே எரிகிறது, அங்கே உட்கார்ந்து படி என்று அனுப்பினாள். அதற்குக் காசு கிடையாது, வீட்டுக்காரர் கணக்கு. மகள் எட்டு மாதம் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தாள். ஏறி இறங்குகிறவர்களுக்கு எழுந்து எழுந்து வழிவிட்டாள்.

நல்ல மார்க். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற படிப்பில் இடம் கிடைத்தது. போன வருடம் ஜூனில் ஏழாயிரம் குறைந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மகளிடம் சொன்னாள். மகள் ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போனாள். இந்த வருடம் மறுபடி இடம் வந்திருந்தது. முதல் தவணை பதினெட்டாயிரம், செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குள் கட்ட வேண்டும். ஜூன் உறையில் பதினோராயிரத்து இருநூறு இருந்தது.

அவள் நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்து, மீட்டர் பெட்டியின் மேலேயே வைத்துக் கணக்குப் போட்டாள். நாளைக்கு இரண்டரை, மாதம் எழுபத்தைந்து. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு வாங்குகிறார். மாதம் அறுநூறு. வருடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏழாயிரம்" என்றாள். "போன வருஷம் அவளுக்குக் கொறஞ்சது ஏழாயிரம்."

புருஷன் இப்போது சிரிக்கவில்லை.

வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருந்தார். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாடகையை இரண்டு முறை எண்ணுவார். இரண்டாவது முறை கட்டைத் திருப்பிப்போட்டு எண்ணுவார். அவள் போனபோது வாசல் நாற்காலியில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் மேல வந்து மீட்டரப் பாருங்க."

"பில்லு விஷயமா? ஒண்ணாந்தேதி பேசிக்கலாமே."

"பில்லு இல்ல சார். மோட்டாரு."

நகவெட்டியை மூடினார். மூடிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எந்த மோட்டாரு?"

"இந்த பில்டிங்குல எத்தனை சார் இருக்கு?"

"அது வந்தும்மா, உங்களுக்கு முன்னாடி அந்த வீடு ஆறு மாசம் காலியாக் கெடந்துச்சு. அப்ப மோட்டார் லைன் போயிடுச்சு. ஒயர்மேன் தற்காலிகமா அந்த மீட்டர்லேருந்து இழுத்துக் குடுத்தான். அப்புறம் மாத்தணும்னுதான் இருந்தோம். மறந்தே போச்சு."

"மாசாமாசம் மேல வந்து என் மீட்டரக் குறிச்சுக்கிட்டுப் போறீங்களே, அது மறக்கலயே சார்."

"வயசாவுதில்ல? என்ன பெரிய தொகை வந்துடப் போவுது! அம்பது, நூறு. இந்த மாசம் இருநூறு கழிச்சுக் குடுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"இருபத்தோராயிரத்து அறுநூறு."

"என்னது?"

"மூணு வருஷத்துக்கு. மூணு வருஷ ரீடிங்கும் எங்கிட்ட இருக்கு. ஒரு நாள் விடாம."

வீட்டுக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஏம்மா, அந்தத் தண்ணியத்தானே நீங்களும் குடிக்கிறீங்க, குளிக்கிறீங்க? என்னமோ நாங்க மட்டும் குடிச்ச மாதிரி!"

"அதுக்குத்தான் வாடகையோட தண்ணிக் காசுன்னு தனியா மாசம் இருநூறு வாங்குறீங்களேம்மா. ஆறு வீட்டுலயும் வாங்குறீங்க. ஆயிரத்து இருநூறு. அந்தக் காசு எந்த மோட்டாருக்குப் போச்சு?"

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். நின்றதும் குரல் மாறியது.

"இங்க பாரும்மா, தராதரம் பாத்துப் பேசணும். நான் நாப்பது வருஷம் அடுத்தவன் பணத்த எண்ணினவன். ஒரு பைசா கொறஞ்சதுன்னு எவனும் சொன்னதில்ல. இஷ்டம் இருந்தா இருங்க. இல்லன்னா ரெண்டு மாசத்துல காலி பண்ணிக்குங்க. அட்வான்ஸ் இருபதாயிரத்த வாங்கிக்கிட்டுப் போயிக்கிட்டே இருங்க."

அவளுக்குக் காது இரண்டும் சூடாகியிருந்தன. வாய்க்கு வந்ததைச் சொல்ல ஒரு அடி எடுத்து வைத்தாள். சொல்லவில்லை. திரும்பிப் படியேறினாள். மீட்டர் பெட்டியின் கம்பிவலைக் கதவைத் திறந்து, மூன்றாவது மீட்டருக்குக் கீழே இருந்த வெள்ளைப் பியூஸ் கட்டையைப் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. பிடுங்குவது இவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஸ்டூலை வெளியே கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் போட்டு, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நமக்கும் கரண்ட் போச்சே" என்றான் புருஷன்.

"நமக்கு எதுக்குக் கரண்ட்டு? மூணு வருஷமா என்னத்த அனுபவிச்சோம்? இருட்டும் புழுக்கமும் நமக்குப் பழக்கம். அவங்களுக்குத்தான் பழக்கமில்ல. பாப்போம்."

அவன் உள்ளே போனான். பிறகு பாயை எடுத்து வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் விரித்தான்.

"சம்பளம் வாங்கி டயரக் காக்கறேன். இதச் சும்மா காக்கறேன்."

"உள்ள போய்ப் படுங்க."

"உள்ளயும் இதே சூடுதான்."

அவள் அவனைப் பார்க்காமல் கேட்டாள். "அந்தப் பவுடர் போட்டப்ப நீங்க ஏன் சண்டை போடல?"

"எந்தப் பவுடர்?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. காச்சலோட கெடந்த மனுஷன். ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்ல என்னை."

"தூக்கம் வருதும்மா."

"இப்பவாவது திட்டுங்களேன்!" என்று கத்தினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மோட்டார் ஞாயிறுகளில் மறுபடி மூன்று மணிக்குத்தான் போடப்படும். ஆறு வீட்டிலும் துணி துவைக்கிற நாள். ஒரு மணிக்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு வேன் டிரைவர் பனியனோடு வந்து நின்றார்.

"இதப் போயி இப்பதான் கண்டுபிடிச்சீங்களாக்கா?"

அவள் தலையை நிமிர்த்தினாள். "அப்படின்னா?"

"ஒயர்மேன் இழுத்தான்ல, அன்னிக்கு டார்ச் புடிச்சதே நான்தான்."

"மூணு வருஷமா தெரியும் உங்களுக்கு."

"நீங்க கேக்கலையேக்கா."

"என் பொண்ணு இந்தப் படியில உக்காந்து படிச்சாளே. உங்களுக்கு வழி விட்டு எழுந்து எழுந்து உக்காந்தாளே. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். நல்லா படிக்கிற பொண்ணுன்னு எங்க வீட்டுல கூட சொன்னேன்."

அவர் மனைவி பின்னால் நின்றிருந்தாள். படிக்கட்டு பல்பின் சுவிட்சோடு ஒரு பிளக்கும் இருந்தது, போனை அதில்தான் சார்ஜ் போடுவாள். "அதெல்லாம் இருக்கட்டும். இப்ப மோட்டார உங்க லைன்லேருந்து எடுத்தா யார் தலையில கட்டுவாரு? எங்க தலையிலதான். ஆளுக்கு நூறு ஏத்துவாரு. ஒங்க ஒருத்தருக்காக ஊரெல்லாம் அழணுமா?"

"மூணு வருஷம் ஊருக்காக ஒருத்தி அழுதாளே, அப்ப எங்க போயிருந்த?"

"நாங்களா அழச் சொன்னோம்? யூனிட் யூனிட்டுன்னு பேப்பரும் பேனாவுமா அலைஞ்சீங்களே, உங்களுக்கே தெரியலன்னா நாங்க என்ன பண்றது?"

அது உண்மை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், மெயினை இறக்கிவிட்டு வாசலில் வந்து நின்றிருந்தால் போதும். மீட்டர் பொய் சொல்லாது என்று நம்பினாள். பொய் சொல்வது மனிதர்கள்தான் என்று நினைத்தாள். அதிலும் வீட்டு மனிதர்கள்.

டிரைவர் பெட்டிப் பக்கம் கையை நீட்டினார். "ஒரு ஒயர் முடிஞ்சு விட்டாப் போதும்க்கா, மோட்டார் ஓடும். அவர் கூட அப்புறமா பேசிக்கலாம்."

"தொட்டுப் பாருங்க."

அவள் எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. பாயில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். டிரைவர் கையை இழுத்துக்கொண்டார்.

மகள் ஒன்றரைக்கு வந்தாள். ஞாயிறு கடை அரைநாள். விரல்களில் மை. படியில் அம்மா ஸ்டூலிலும் அப்பா பாயிலுமாக இருப்பதைப் பார்த்து நின்றாள்.

"என்னம்மா, ஸ்டிரைக்கா?"

அவள் சொன்னாள். மோட்டாரைச் சொன்னாள். கணக்கைச் சொன்னாள். கடைசியில் பல்பைச் சொன்னாள். மகள் அண்ணாந்து பல்பைப் பார்த்தாள்.

"இதுவுமா?"

"இதுவும்."

"அப்ப நான் இங்க உக்காந்தது..."

"நம்ம கரண்ட்லதான்."

மகள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "மூணாவது படியில உக்காந்தா நிழல் விழும். அஞ்சாவதுலதான் வெளிச்சம் வரும். அதுல உக்காந்தா டிரைவர் சித்தப்பாவோட கூட்டாளிங்க ஏறும்போது வேணும்னே இடிச்சுட்டுப் போவானுங்க. உன்கிட்ட சொன்னேன். காசு குடுத்துப் படிக்கிற வீட்டுப் பொண்ணா நீ, சமாளின்னு சொன்ன."

"சொன்னேன்."

"உள்ள ஒரு விளக்கு. அவ்வளவுதான் கேட்டேன்."

"தப்புதான்டி."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?" மகள் உள்ளே போய்விட்டாள். அவள் பின்னாலேயே போகவில்லை. கட்டையை விட்டுவிட்டுப் போக முடியாது. அதுவும் ஒரு வசதியாக இருந்தது.

மூன்று மணிக்கு மோட்டார் ஓடவில்லை. கீழே சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற சத்தம் கேட்டது. மூன்றரைக்குத் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. சோப்பு போட்ட துணிகளோடு பெண்கள் படிக்கட்டில் நின்று பேசினார்கள். வீட்டுக்காரரைத் திட்டியவர்களைவிட அவளைத் திட்டியவர்கள் அதிகம். வீட்டுக்காரர் ஒயர்மேனுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, அவன் எடுக்கவில்லை. நான்கரைக்கு வீட்டுக்காரம்மா பாதிப்படி வரை வந்தாள்.

"தண்ணியில விளையாடாதம்மா. பாவம் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். பில்லு போட்டு அனுப்புங்க, கட்டிடறேன்."

ஐந்து மணிக்கு வீட்டுக்காரரே வந்தார். கையில் ஒரு கவர்.

"ஐயாயிரம் இருக்கு. மனசாட்சிக்காகத் தரேன். கட்டையக் குடு."

"உங்க மனசாட்சிக்கு என் மீட்டர்ல கணக்கு இல்ல சார். இருபத்தோராயிரத்து அறுநூறு."

"அதெப்படி? ஆதாரம் என்ன? நீயா எழுதிவச்ச காகிதம்."

"சரி. அத மின்சார ஆபீசுல நாளைக்குக் காட்டறேன். வீட்டு லைன்ல ஆறு வீட்டு மோட்டார் ஓடுதுன்னும், அவங்க வாங்குற ரேட்டுக்கு மேல நீங்க யூனிட்டுக்கு எட்டு வாங்குறீங்கன்னும் எழுதிக் குடுக்கறேன். அவங்க வந்து பாத்துட்டு ஆதாரம் இருக்கா இல்லையான்னு சொல்லட்டும்."

அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் மீட்டர்களையே பார்த்தார்.

"ஏழாயிரம்" என்றார். "அதுக்கு மேல இன்னிக்கு எங்கிட்ட இல்ல."

அந்த எண்ணைக் கேட்டதும் அவளுக்கு எழுந்து அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அவருக்கு அது ஒரு பேரம். இன்னும் ஆறாயிரத்து எண்ணூறு இருந்தால் செவ்வாய்க்கிழமை முடிந்தது என்பதோ, போன ஜூனில் இதே எண்ணால்தான் ஒரு வருடம் போனது என்பதோ அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

"வாங்கிக்க" என்றான் புருஷன் மெல்ல.

உள்ளே பார்த்தாள். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"இன்னிக்கு ஏழாயிரம்" என்றாள். "மிச்சம் பதினாலாயிரத்து அறுநூறு. மூணு மாச வாடகை பதிமூணாயிரத்து ஐநூறு, அது தர மாட்டேன். ஆயிரத்து நூறு நாலாவது மாசத்துல கழிப்பேன். நடுவுல காலி பண்ணச் சொன்னா அட்வான்சோட சேத்து மொத்தத்தையும் இந்தப் படியில வச்சுட்டுச் சொல்லுங்க. மோட்டார் லைன நாளைக்கு மாத்தணும். மாத்துறவரைக்கும் கட்டை எங்கிட்டதான்."

"எல்லாம் வாங்கிக்கிட்டாச்சுன்னு ஒரு கையெழுத்து..."

"எல்லாம் வாங்கினதும் போடறேன்."

அவர் கவரிலிருந்து பணத்தை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து இன்னும் இரண்டாயிரம் எடுத்துச் சேர்த்தார். அது முன்பே தயாராக இருந்தது. இரண்டு முறை எண்ணினார், இரண்டாவது முறை திருப்பிப்போட்டு. அவள் வாங்கி மூன்றாவது முறை அவர் எதிரிலேயே எண்ணினாள். ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு ஒயர்மேன் வந்தான். மோட்டார் லைனையும் படிக்கட்டு பல்பையும் வீட்டுக்காரர் மீட்டருக்கு மாற்றினான். வேலை இருபது நிமிடம். வேன் டிரைவர் டார்ச் பிடித்தார். அவள் பியூஸ் கட்டையைக் கொடுத்தாள். ஒயர்மேன் அதைத் துடைத்துச் செருகினான்.

சலவைக்கூடத்தில் அரைநாள் விடுப்புச் சொன்னாள். அரைநாள் கூலி போயிற்று. செவ்வாய்வரை காத்திருக்காமல் அன்றே மகளோடு கட்டணம் கட்டப் போனாள். ஜன்னலில் பதினெட்டாயிரத்தோடு விண்ணப்பத்துக்கு நூற்றைம்பது கேட்டார்கள். இருநூறு மிச்சம் இருந்ததால் கொடுக்க முடிந்தது. ரசீதை மகள் வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். திரும்பும்போது பேருந்தில் அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. மகள் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது படிக்கட்டில் பல்பு இல்லை. யாரோ கழற்றியிருந்தார்கள். அந்தச் செலவை ஏற்க யாரும் தயாரில்லை. வேன் டிரைவரின் மனைவி எதிரே வந்தும் பேசவில்லை.

புருஷன் துண்டு போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் ஃபேனைப் போட்டாள். இறக்கைகளில் படிந்திருந்த தூசி அவன்மேல் விழுந்தது. தும்மிக்கொண்டு எழுந்தான். சத்தத்தில் தூக்கம் வராது, நிறுத்து என்றான். அவள் நிறுத்தவில்லை. ஜூன் உறையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பாதியில் விட்டிருந்த சுவிட்சைப் பூட்டி முடித்துவிட்டு, இரண்டு மணி வேலைக்குக் கிளம்பிப் போனாள். அன்று இருநூற்றுப் பத்து விரிப்புகள் மடித்தாள். ஆறில் கறை போகவில்லை.